சுவர் விரிசல், ஓதம், உப்பு, அஸ்திவார இறக்கம்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டு சரிசெய்யும் முறை

சுவரில் விரிசலைக் கண்டதும் சிலர் சிமெண்டைக் குழைத்து அப்பி மூடிவிடுகிறார்கள். சிலர் அஸ்திவாரமே போய்விட்டதென்று பயந்து, முதலில் வந்து பார்த்த காண்ட்ராக்டரிடம் பெரிய வேலையை ஒப்படைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் விரிசலை உண்டாக்கிய காரணம் அப்படியே இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் அதே இடத்திலோ ஒரு முழம் தள்ளியோ மறுபடி வாய் பிளக்கும்.

செங்கல் சுவரில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் தண்ணீர்தான். கூரையிலிருந்து வழியும் தண்ணீர், குழாயில் கசியும் தண்ணீர், அடிமண்ணில் தேங்கும் தண்ணீர், வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே அடைபட்ட தண்ணீர். ஆகவே முதலில் தண்ணீரை வழிமாற்ற வேண்டும், பிறகு அளவெடுத்துக் கவனிக்க வேண்டும். கொத்தனாரைக் கூப்பிடுவது அதற்கும் பிறகுதான்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தப் பகுதியில் புழங்குவதை நிறுத்திவிட்டு, அன்றே கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்:

- 25 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்த விரிசல், அல்லது நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரிந்தே அகலமாகும் விரிசல்.
- வயிறு தள்ளிய சுவர். மேலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். ஒரு மாடி உயரத்துக்குள் 25 மி.மீ.க்கு மேல் விலகல் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.
- உத்திரமோ லிண்டலோ (கதவு ஜன்னலுக்கு மேல் பாரம் தாங்கும் குறுக்குக் கட்டை) உட்காரும் இடத்தில் செங்கல் நொறுங்கியிருப்பது, அல்லது உட்காரும் நீளம் 100 மி.மீ.க்கும் குறைந்திருப்பது.
- பல கதவு ஜன்னல்கள் சில நாட்களுக்குள் ஒன்றாக இறுகிப்போவது, கூடவே தரை சரிவது.

முட்டுக் கொடுக்கும் வேலையைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். கிடைத்த மரத்தை வைத்து முட்டினால், பாரம் தாங்காத வேறோர் இடத்துக்கு அது போய்விடும்.

முதலில் அளவெடுப்பது

டார்ச், அகலம் பார்க்க ஸ்கேல் அல்லது விரிசல் அளவு அட்டை, தூக்குக்குண்டு, ஒரு மீட்டர் ரசமட்டம், பென்சில், ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

அகலத்தை வைத்துச் சேதத்தை மதிப்பிட, பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த வரிசையைப் பல நாட்டுப் பொறியாளர்கள் இன்றும் கையாளுகிறார்கள். 0.1 மி.மீ. வரை மயிரிழை, பொருட்படுத்த வேண்டாம். 1 மி.மீ. வரை பெயிண்ட் வேலையோடு சரியாகும். 5 மி.மீ. வரை நிரப்பிச் சரிசெய்யலாம், வெளிப்பக்கம் கொஞ்சம் பாயிண்டிங் (செங்கல் இடுக்குகளில் புதுச் சாந்து அடைப்பது) தேவைப்படலாம். 5 முதல் 15 மி.மீ. வரை என்றால் அந்த இடத்துச் செங்கல்லைப் பிரித்துக் கட்ட வேண்டிவரும். 15 முதல் 25 வரை சுவரின் ஒரு பகுதியையே இடித்துக் கட்டும் நிலை. அதற்கு மேல் கட்டடத்தின் உறுதியே கேள்விக்குறி. அகலம் மட்டுமே தீர்ப்பு ஆகாது. அசையாமல் நிற்கும் 6 மி.மீ. விரிசலைவிட, மாதத்துக்கு அரை மி.மீ. வளரும் 2 மி.மீ. விரிசலுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

அசைகிறதா என்று பார்க்க, விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் விரிசலுக்கு ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என மூன்று சிறு ஸ்க்ரூக்களை முக்கோணமாகப் பதித்து, அவற்றுக்கிடையிலான தூரங்களை வெர்னியர் காலிப்பரால் மாதம் ஒருமுறை குறித்து வாருங்கள். அகலம் கூடுவதும், ஒரு பக்கம் கீழே இறங்குவதும் இப்படித் தனித்தனியாகத் தெரியும். கண்ணாடித் துண்டை ஒட்டி வைக்கும் பழைய வழியில் அசைந்ததா இல்லையா என்பது மட்டுமே தெரியும். ஒட்டு விட்டுப்போனால் அதுவும் தெரியாது. வெயிலில் சுவர் விரியும், இரவில் சுருங்கும் என்பதால் எப்போதும் ஒரே நேரத்தில் அளவெடுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் கடந்த பிறகு கிடைக்கும் கணக்குதான் நம்பத்தக்கது.

விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரங்கள் கூர்மையாக, உட்புறம் செங்கல் நிறத்தில் சுத்தமாக இருந்தால் புதியது. தூசியும் ஒட்டடையும் படிந்து ஓரம் மழுங்கியிருந்தால் பழையது. உள்ளே பெயிண்ட் இறங்கியிருந்தால் கடைசியாகப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே அது இருந்திருக்கிறது.

அறிகுறி: செங்கல் இடுக்குகள் வழியே படிக்கட்டாக ஏறும் சாய்வு விரிசல்

அஸ்திவாரத்தின் ஒரு பகுதி மற்றதைவிட அதிகம் இறங்கியதன் அடையாளம் இது. மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருந்தால் கட்டடத்தின் ஓரம் அல்லது மூலை இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் பெரும்பாலும் நடுப்பகுதி இறங்குகிறது. ஜன்னல் மூலைகள் சுவரின் பலவீனமான இடங்கள், விரிசல் அவற்றைத் தேடிப் போகும்.

விரிசல் இடுக்கை விட்டுச் செங்கல்லையே பிளந்து நேராகப் போயிருந்தால், கலவை செங்கல்லைவிடக் கெட்டி என்று அர்த்தம். அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் கலவை முடிவு செய்யும்போது தேவைப்படும்.

காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்:

1. மழைநீர்க் குழாய் எங்கே கொட்டுகிறது? சுவரோரமாகக் கொட்டினால் குறைந்தது 2 மீட்டர் தள்ளிக் கொண்டுபோங்கள்.
2. மண் எந்தப் பக்கம் சரிகிறது? சுவரிலிருந்து வெளியே 3 மீட்டர் தூரத்துக்கு மொத்தம் 150 மி.மீ. இறக்கம் வேண்டும். சுவரை நோக்கிச் சரிந்தால் ஒவ்வொரு மழையும் அஸ்திவாரத்தைத்தான் நனைக்கும்.
3. நிலத்தடிக் குழாய் கசிகிறதா? எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரை இரண்டு மணி நேரம் கவனியுங்கள். ஓடினால் கசிவு இருக்கிறது. கழிவுநீர்க் குழாயைத் தனியாக அடைத்து, தண்ணீர் நிரப்பி மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.
4. பெரிய மரம் அருகில் இருக்கிறதா? களிமண் நிலத்தில், தன் உயரத்துக்குச் சமமான தூரம் வரைகூட மரத்தின் வேர் மண்ணை உலர்த்திச் சுருக்கும். அதற்காக மரத்தை ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். உலர்ந்திருந்த களிமண் மறுபடி நீரை உறிஞ்சி உப்பி, அஸ்திவாரத்தை மேலே தள்ளும். இந்த எழும்பலைச் சரிசெய்வது இறக்கத்தைச் சரிசெய்வதைவிடக் கடினம்.
5. பக்கத்தில் சமீபத்தில் பள்ளம் தோண்டினார்களா, போர்வெல் போட்டார்களா, கூடுதல் மாடி ஏற்றினார்களா?

முதல் மூன்றையும் சரிசெய்துவிட்டு அளவெடுப்பதைத் தொடருங்கள். பல வீடுகளில் அசைவு இங்கேயே நின்றுவிடும். நின்ற பிறகு விரிசலைத் தைப்பது சின்ன வேலை.

தைப்பது இப்படி. விரிசலுக்கு இருபுறமும் 500 மி.மீ. நீளத்துக்குக் கிடை இடுக்கில் 25 முதல் 35 மி.மீ. ஆழத்துக்குக் காடி வெட்ட வேண்டும். தூசியை ஊதி, தண்ணீரால் கழுவி, கிரவுட் (இடுக்கை நிரப்பும் இளகிய கலவை) பாதி நிரப்பி, 6 மி.மீ. முறுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை அழுத்திப் பதித்து, மேலே கிரவுட் இட்டு மூடவேண்டும். உயரத்தில் சுமார் 450 மி.மீ.க்கு ஒன்று. தூசியைக் கழுவாமல் கிரவுட் போட்டால் கம்பி பிடிக்காது. இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். அசைவு நிற்காத சுவரைத் தைத்தால், தையலுக்கு அடுத்த இடத்தில் புதிதாக வெடிக்கும்.

அறிகுறி: நேர் செங்குத்தான விரிசல்

காங்கிரீட் பில்லரும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் வந்தால், இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதுதான் காரணம். அஸ்திவாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூச்சை இருபுறமும் 150 மி.மீ. அகலத்துக்கு வெட்டியெடுத்து, கம்பி வலையை ஆணியடித்து இறுக்கி, மறுபடி பூச வேண்டும். வலை தளர்ந்து தொங்கினால் பூச்சு அதோடு சேர்ந்து உரியும்.

பழைய வீட்டோடு புதிதாகச் சேர்த்துக் கட்டிய அறை பிரியும் இடத்தில் வந்தால், அதைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். புதிய அஸ்திவாரம் சில காலம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இடுக்கை நேராக வெட்டி, பின்தாங்கலாக நுரைக் கயிறு வைத்து, இழுவை தாங்கும் சீலண்ட் நிரப்புங்கள். 10, 12 மீட்டருக்கு மேல் இடைவெளியின்றி ஓடும் நீளச் சுவரிலும் இதே கதைதான். அங்கே விரிவு இடுக்கு விடாமல் கட்டியிருப்பார்கள்.

அறிகுறி: கிடையாக ஓடும் விரிசல்

மேல்தளக் காங்கிரீட்டுக்கு அடியில் சுவரின் உச்சியில் ஓடினால், வெயிலில் தளம் விரிந்து சுவரைத் தள்ளியிருக்கிறது. மொட்டைமாடியில் வெப்பத்தடுப்பு அடுக்கு போடாமல் விரிசலை மட்டும் அடைப்பதில் பயனில்லை.

ஜன்னல் மேலே, லிண்டல் அல்லது சன்ஷேடு மட்டத்தில் ஓடினால் கம்பி துருப்பிடித்திருக்கலாம். துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தம் காங்கிரீட்டைப் பிளந்து செங்கல்லைத் தூக்கும். விரிசல் ஓரம் பழுப்புக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். தளர்ந்த காங்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் 20 மி.மீ. வரை தட்டியெடுத்து, கம்பியைச் சுற்றிலும் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பியின் முன்புறத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பூசினால் துரு பின்புறத்தில் வேலையைத் தொடரும். கம்பி தன் தடிமனில் கணிசமாக இழந்திருந்தால் பொறியாளரைக் கேட்காமல் மூடக் கூடாது.

நிலத்துக்குக் கீழே உள்ள அறையின் சுவரில், பாதி உயரத்தில் கிடையாக ஓடி, சுவரும் உள்ளே வளைந்திருந்தால் வெளியிலுள்ள ஈரமண் அழுத்துகிறது. மூலைக்கு மூலை நூல் கட்டி வளைவை அளந்துகொள்ளுங்கள். பொதுவாக 50 மி.மீ. வரையிலான வளைவுக்குக் கார்பன் ஃபைபர் பட்டை ஒட்டுவதைச் சொல்வார்கள், அதற்கு மேல் எஃகுத் தூண் அல்லது மண் நங்கூரம் (சுவரை வெளிமண்ணோடு இழுத்துப் பிடிக்கும் கம்பி). எதைச் செய்தாலும் வெளியே வடிகால் போடாவிட்டால் அழுத்தம் குறையாது.

அறிகுறி: செங்கல் இடுக்கிலிருந்து சாந்து உதிர்கிறது

ஒரு ஆணியால் இடுக்கைக் கீறிப் பாருங்கள். மாவாகக் கொட்டி, 6 மி.மீ.க்கு மேல் ஆழம் போனால் பாயிண்டிங் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதல் முடிவு கலவை. புதிய சாந்து செங்கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும். சுவர் அசையும்போதும் ஈரம் வெளியேறும்போதும் விட்டுக்கொடுக்க வேண்டியது சாந்து. சாந்து பாழானால் மாற்றலாம், செங்கல் பாழானால் சுவரே பாழ். ‘சிமெண்ட் கூடப் போட்டா கெட்டியா நிக்கும்’ என்று மேஸ்திரி சொன்னால், நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வெளியேறி, செங்கல் முகத்தைப் பெயர்த்துவிடும்.

- சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர்: சிமெண்ட் வேண்டாம். 1 பங்கு நீரியல் சுண்ணாம்பு (தண்ணீர் பட்டால் இறுகும் வகை), 2½ முதல் 3 பங்கு மணல். பழைய சாந்தைப் பிட்டுப் பார்த்தால் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டிகள் தெரியும், அதுதான் அடையாளம்.
- மிதமான செங்கல், சிமெண்ட் கட்டு: 1 சிமெண்ட், 1 சுண்ணாம்பு, 6 மணல்.
- மெத்தான செங்கல்: 1:2:9.
- 1:3 சிமெண்ட் சாந்தைக் கெட்டியான பொறியியல் செங்கல்லுக்கும் எப்போதும் நனையும் இடங்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

10 மி.மீ. இடுக்கில் 25 மி.மீ. ஆழம் சுரண்டினால், 75 மி.மீ. உயர வரிசை உள்ள சுவரில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 4½ லிட்டர் சாந்து பிடிக்கும். சேதாரத்தோடு 6 லிட்டர் வையுங்கள்.

செய்முறை:

1. இடுக்கு அகலத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் சுரண்டுங்கள். 10 மி.மீ. இடுக்குக்கு 20 முதல் 25 மி.மீ. அடிப்பகுதி சதுரமாக இருக்க வேண்டும், ‘வி’ வடிவத்தில் விட்டால் சாந்து பிடிக்காது. கிடை இடுக்கில் கிரைண்டர் ஓட்டலாம். செங்குத்து இடுக்கில் மெல்லிய உளியும் சுத்தியலும்தான், கிரைண்டர் மேல் கீழ்ச் செங்கல்லை வெட்டிவிடும். செங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். தூசியை உறிஞ்சும் கருவியும் நுண்துகள் முகக்கவசமும் இல்லாமல் யாரையும் வெட்ட விடாதீர்கள்.
2. தூசியைத் துலக்கி, மேலிருந்து கீழாகத் தண்ணீர் தெளியுங்கள். சாந்து வைக்கும்போது செங்கல் ஈரமாக இருக்கட்டும், மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது. காய்ந்த செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சி அதைப் பொடியாக்கிவிடும்.
3. சிமெண்ட் சேர்ந்த கலவையை, பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுப் பிசறி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு வேண்டிய பதத்துக்குத் தண்ணீர் சேருங்கள். இப்படிச் செய்தால் சுருக்கம் குறையும். இறுகிய கலவையில் தண்ணீர் விட்டுப் புதுப்பிக்க வேண்டாம்.
4. ஒரே தடவையில் அடைக்காமல் 6 முதல் 10 மி.மீ. படலமாக மூன்று தடவை அழுத்துங்கள். முந்தைய படலம் கட்டைவிரல் அழுத்தத்துக்குத் தாங்கிய பிறகு அடுத்தது.
5. கடைசிப் படலத்தில் விரல் அழுத்தினால் பதிய வேண்டும், ஆனால் சாந்து விரலில் ஒட்டக் கூடாது. அந்த நேரத்தில் இழைப்புக் கம்பியால் லேசான குழிவாகத் தேயுங்கள். ஓரம் மழுங்கிய பழைய செங்கல்லில் சாந்தை முகத்துக்குச் சற்று உள்ளடக்கியே நிறுத்துங்கள்.
6. ஈரச் சாக்கால் மூடி, சிமெண்ட் கலவைக்கு 3 நாளும் சுண்ணாம்புக் கலவைக்கு ஒரு வாரமும் காய விடாமல் பாருங்கள். 5 டிகிரிக்குக் கீழும் 32 டிகிரிக்கு மேலும், நேர் வெயிலிலும் வேலை வேண்டாம்.

சுவரின் அடியில் வரிசையாக ஒரே இடைவெளியில் சாந்து இல்லாத செங்குத்து இடுக்குகள் தெரிந்தால், அவை விடுபட்டவை அல்ல. இரட்டைச் சுவரின் நடுவில் சேரும் நீர் வடியும் துளைகள். அவற்றை யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: செங்கல்லின் முகம் பெயர்ந்து உதிர்கிறது

செங்கல்லுக்குள் ஈரத்தோடு போன உப்பு, மேல்தோலுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளுகிறது. குளிர் நாடுகளில் உறையும் நீர் அதையே செய்கிறது. கெட்டிச் சிமெண்ட் பாயிண்டிங், மூச்சுவிடாத பெயிண்ட், ஒழுகும் கைப்பிடிச் சுவர் ஆகியவை வழக்கமான காரணங்கள். பளபளக்கும் நீர்த்தடுப்புப் பூச்சை மேலே அடிப்பது நிலைமையை மோசமாக்கும்.

சில செங்கற்கள் மட்டும் என்றால் சுற்றியுள்ள சாந்தைத் துளையிட்டு எடுத்து, செங்கல்லை முழுசாக உருவி மாற்றலாம். கல் நல்ல நிலையில் இருந்தால் திருப்பி, பின்முகத்தை வெளியே வைத்துக் கட்டலாம். முகத்துக்குச் சிமெண்ட் பூசிச் செங்கல் நிறம் தீட்டும் வேலையைக் கேட்கவே வேண்டாம்.

அறிகுறி: வெள்ளையாக உப்புப் பூக்கிறது

புதிதாகக் கட்டிய சுவரில் முதல் சில மாதங்கள் பூப்பது இயல்பு. உலர்ந்த நாளில் காய்ந்த தூரிகையால் தேய்த்து, பொடியைக் கீழே சிந்தாமல் வாரி எடுத்துவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய் மறுபடி வரும். பழைய சுவரில் திடீரெனப் பூத்தால் எங்கோ தண்ணீர் நுழைகிறது. நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் அமிலம் போடாதீர்கள். போடத்தான் வேண்டுமென்றால், முதலில் சுவரை நன்றாக நனைத்து, 10 பங்கு தண்ணீரில் 1 பங்கு அமிலத்தை ஊற்றி, மறைவான ஓர் இடத்தில் சோதித்த பிறகு. அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும்.

அறிகுறி: சுவரின் அடிப்பகுதியில் ஓதம்

ஓதம் என்றாலே கீழிருந்து ஏறுகிறது என்று முடிவுகட்டுவது பெரிய செலவில் முடியும். 300 மி.மீ. சதுர அலுமினியம் ஃபாயிலை நான்கு ஓரமும் டேப்பால் அடைத்துச் சுவரில் ஒட்டி, 48 மணி நேரம் விடுங்கள். அறைப் பக்கம் ஈரம் பூத்தால் அது காற்றிலுள்ள ஈரம், காற்றோட்டம் போதவில்லை. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது.

கீழிருந்து ஏறும் ஓதம் பொதுவாக ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்று, மேலே ஒழுங்கற்ற கறைக்கோடு விடும். அதைவிட உயரத்தில் திட்டாகத் தெரிந்தால் குழாயையும் கூரையையும் பாருங்கள்.

சுவரில் துளையிட்டு ஈரத்தடுப்பு மருந்து செலுத்துவதற்கு முன், வெளியே மண்ணோ நடைபாதையோ சுவரின் ஈரத்தடை அடுக்குக்கு (அடிமண் ஈரம் மேலே ஏறாமல் சுவரின் அடியில் வைக்கும் அடுக்கு) மேல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுக்கு வெளித்தரைக்கு 150 மி.மீ. மேலே இருக்க வேண்டும். மண்ணை வாரி எடுத்தாலே போதும் என்ற வீடுகள் நிறைய. ஈரத்தடை அடுக்கே இல்லாத சுவருக்குத்தான் அந்த மருந்தான சிலிக்கோன் க்ரீம். கிடை இடுக்கில் 12 மி.மீ. துளைகளை 100 முதல் 120 மி.மீ.க்கு ஒன்றாக, மறுமுகத்துக்கு 40 மி.மீ. முன் நிற்கும்படி போட்டுச் செலுத்துவார்கள். அதன் பிறகு கறைக்கோட்டுக்கு 300 மி.மீ. மேல் வரை பழைய பூச்சை உரித்தாக வேண்டும், அதில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தையே இழுக்கும். சுவர் உலரும் வேகம் மாதத்துக்குச் சுமார் 25 மி.மீ. தடிமன்தான். மருந்து செலுத்திய அடுத்த வாரமே பூசித் தருகிறேன் என்பவரிடம் வேலையைத் தராதீர்கள். ஈரமானியும் உப்பைக் கண்டால் ஈரம் என்றே காட்டும். சிவப்பு விளக்கு எரிந்தது என்பது மட்டும் சான்று ஆகாது.

அறிகுறி: பூச்சு தட்டினால் வெற்றொலி, வலைபோன்ற நுண்விரிசல்

வலை விரிசல் பெரும்பாலும் பூச்சின் மேல்தோலோடு நின்றுவிடும். சிமெண்ட் அதிகம், மணல் மிக நைசு, மேலே காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்த்தது, தண்ணீர் ஊற்றாதது, இவைதான் காரணம். வெற்றொலி வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. அந்த இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்து, இடுக்கை 10 மி.மீ. சுரண்டி, நனைத்து, ஒரு கோட்டுக்கு 12 முதல் 15 மி.மீ.க்கு மிகாமல் பூசி, 7 நாள் தண்ணீர் காட்டுங்கள்.

மணலில் களிமண் இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், முக்கால் வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே படியும் வண்டல், மணல் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த மணலைத் திருப்பி அனுப்புங்கள்.

அஸ்திவார வேலை என்று சொன்னால்

அசைவு நிற்கவில்லை என்று உங்கள் நோட்டே சொன்னால் மட்டும் இந்தக் கட்டத்துக்கு வாருங்கள். முதல் செலவு, பழுதுவேலை எதையும் விற்காத கட்டமைப்புப் பொறியாளருக்கு. அஸ்திவாரத்தை ஒட்டிச் சோதனைக் குழி தோண்டி, ஆழம், அகலம், மண் வகை பார்த்து அவர் எழுதித் தருவதுதான் அடிப்படை. இலவசமாகச் சோதிக்க வரும் காண்ட்ராக்டர் தன்னிடம் இருக்கும் தீர்வைத்தான் சொல்வார்: தூண் இறக்குபவருக்குத் தூண், ரெசின் (அடிமண்ணில் செலுத்தும் பிசின்) செலுத்துபவருக்கு ரெசின்.

அஸ்திவாரத்துக்கு அடியில் காங்கிரீட் தாங்கல் கொடுப்பதாக இருந்தால், 1 முதல் 1.2 மீட்டர் நீளக் குழிகளாகப் பிரித்து, அடுத்தடுத்த இரண்டை ஒரே நேரத்தில் திறக்காமல் செய்ய வேண்டும். எந்தக் குழி எப்போது என்ற எண் வரிசை வரைபடத்தில் இருக்க வேண்டும். புதிய காங்கிரீட்டுக்கும் பழைய அஸ்திவாரத்துக்கும் நடுவில் 75 மி.மீ. இடைவெளி விட்டு, காங்கிரீட் இறுகியபின் 1:3 உலர்கலவையை அடித்து நிரப்ப வேண்டும். இந்த அடைப்பு தளர்வாக இருந்தால் தாங்கல் இருந்தும் வீடு அந்த இடைவெளி அளவுக்கு இறங்கும். சுவர் நீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டிவிடலாம் என்பவர் வீட்டை விழவைப்பார். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சுருங்கி விரியும் களிமண்ணில் தண்ணீரைக் கட்டுப்படுத்தாமல் ரெசின் செலுத்தினால் அசைவு தொடரும். காங்கிரீட் விரிசலில் செலுத்தும் பிசின்களில் எப்பாக்சி வலுவுக்கு, பாலியூரித்தேன் கசிவை நிறுத்த. மாற்றிப் போட்டால் இரண்டும் தோற்கும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

மூன்று பேரிடம் விலை கேட்பதற்கு முன், வேலைப் பட்டியலை நீங்களே ஒரு தாளில் எழுதி மூவருக்கும் அதையே கொடுங்கள். ஒருவர் 10 மி.மீ. சுரண்டுவதற்கும் இன்னொருவர் 25 மி.மீ. சுரண்டுவதற்கும் சொல்லும் விலைகளை ஒப்பிட முடியாது. பிறகு நான்கு கேள்விகள்: விரிசலுக்குக் காரணம் என்ன? கலவை விகிதம் என்ன, ஏன்? எவ்வளவு ஆழம் சுரண்டுவீர்கள்? எத்தனை நாள் ஈரம் காப்பீர்கள்? காரணத்தைச் சொல்லாமல் தீர்வை மட்டும் சொல்பவர், எல்லாச் சுவருக்கும் ஒரே கலவை சொல்பவர், இன்றே முன்பணம் கொடுத்தால் தள்ளுபடி என்பவர், மூவரும் வேண்டாம்.

போன மாதம் முடித்த வேலையைக் காட்டினால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். மூன்று நான்கு வருடம் முன்பு முடித்ததைப் பார்க்கக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: வேலையின் எல்லை, கலவை, ஆழம், ஈரம் காக்கும் நாட்கள், சாரம் மற்றும் இடிபாடு அகற்றும் பொறுப்பு, தொழிலாளர் காப்பீடு, அரசு அனுமதி வாங்குவது யார், கூடுதல் வேலைக்கு எழுத்தில் ஒப்புதல். உத்தரவாதத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கைவேலைக் குறையை மட்டும் ஏற்றுக்கொண்டு, நில அசைவை விலக்கியிருந்தால், அஸ்திவார வேலைக்கு அந்தத் தாளால் பயனில்லை. வீட்டை விற்றால் அடுத்தவருக்கு மாறுமா என்பதையும் கேளுங்கள்.

முன்பணம் பொருள் வாங்கும் அளவோடு நிற்கட்டும், மீதி கட்டம் கட்டமாக. முதலில் ஒரு சதுர மீட்டர் மாதிரி செய்யச் சொல்லி, காய்ந்தபின் நிறமும் இழைப்பும் பார்த்து ஒப்புதல் கொடுங்கள். அந்த மாதிரிதான் மீதி வேலைக்கும் அளவுகோல் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூடும் முன் ஒவ்வொரு குழியையும், நிரப்பும் முன் ஒவ்வொரு காடியையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பத்தில் ஒரு பங்குத் தொகையை ஒரு நல்ல மழை பெய்து முடியும் வரை கையில் வைத்துக்கொள்ள முதலிலேயே பேசிவிடுங்கள்.

வருடத்துக்கு இருமுறை

மழைக்கு முன்: கூரைக் கால்வாயைத் துப்புரவாக்குங்கள். கைப்பிடிச் சுவரின் மேல்மூடியில் விரிசல் இருக்கிறதா, சொட்டுக்காடி (நீர் சுவரில் வழியாமல் சொட்ட, மூடியின் அடியில் விடும் பள்ளக் கோடு) அடைபட்டிருக்கிறதா பாருங்கள். ஜன்னல் ஓரச் சீலண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். சுவரோரச் செடிகொடிகளையும் இடுக்கில் முளைத்த ஆலங்கன்று, அரசங்கன்றுகளையும் அகற்றுங்கள். கன்றைப் பிடுங்கினால் வேர் உள்ளேயே அறுந்து மறுபடி தழைக்கும், இடுக்கைத் திறந்து வேரோடு எடுக்க வேண்டும்.

மழைக்குப் பின்: பலத்த மழை பெய்யும்போதே ஒருமுறை குடையோடு வீட்டைச் சுற்றி வந்து, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தக் குழாய் நிரம்பி வழிகிறது என்று பார்த்திருந்தால், அந்த இடங்களின் சுவரை இப்போது தட்டியும் தடவியும் பாருங்கள். பென்சில் கோடுகளைத் தாண்டி விரிசல் வளர்ந்திருந்தால் புதிய கோடு, புதிய தேதி.